அங்கோர் கோயில்கள்: கட்டிய வரிசையிலேயே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கம்போடியாவின் அங்கோருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் விடிவதற்கு முன்பே அங்கோர் வாட்டின் குளக்கரையில் போய் நின்றுவிடுகிறார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுகிறது, படம் எடுக்கிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அடுத்த கோயில், மதியத்துக்குள் மூன்றாவது. மாலையாகும்போது கால் வலியும், எல்லாக் கோயிலும் ஒன்றுபோலத் தெரியும் சலிப்பும்தான் மிஞ்சுகின்றன.

அங்கோரின் பெரிய கோயில்கள் ஏறத்தாழ 880-இல் தொடங்கி 1200 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவை. செங்கல்லில் தொடங்கி மணற்கல்லுக்கு வந்தார்கள். சிவனில் தொடங்கி விஷ்ணுவுக்கும் பிறகு புத்தருக்கும் வந்தார்கள். எழுந்த வரிசையிலேயே பார்த்தால் ஒவ்வொரு கோயிலும் அதற்கு முந்தையதை நினைவுபடுத்தும், அடுத்ததை எதிர்பார்க்க வைக்கும். அந்த வரிசைப்படி மூன்று நாளில் பார்ப்பதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். இராமாயணமும் பாரதமும் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே பாதிச் சிற்பங்களுக்கு விளக்கமே தேவைப்படாது. அதனால்தான் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இல்லை, வெயிலும் ஓரளவு தாங்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். மணற்கல் உள்வாங்கிய சூடு மாலை வரை இறங்காது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அகழிகளும் குளங்களும் நிறைந்து, கல்லில் பாசி பச்சையாகப் படர்ந்திருக்கும். கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. நனைவதில் மனத்தாங்கல் இல்லாதவர்களுக்கு நான் மழைக்காலத்தையே சொல்வேன்.

ஏப்ரல் நடுவில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் கம்போடியாவின் கெமர் மக்களின் புத்தாண்டும் வருகிறது. அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகரம் திருவிழாக் கோலத்தில் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் அறையும் வண்டியும் கிடைப்பது சிரமம்.

விசாவும் பயணமும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலா இ-விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். கம்போடிய வெளியுறவு அமைச்சகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே விசாவுக்குக் கூடுதல் பணம் பிடுங்குவார்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது.

சென்னையிலிருந்து போனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஓர் ஊரில் விமானம் மாற வேண்டியிருக்கும். சியெம் ரீப்பின் பழைய விமான நிலையம் ஊருக்கு அருகிலேயே இருந்தது. அதை மூடிவிட்டு 2023 அக்டோபரில் புதியதைத் திறந்தார்கள். அது ஊரிலிருந்து வெகு தூரம். காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எனவே பழைய பயணக் குறிப்புகளில் உள்ள ‘பத்து நிமிடத்தில் விடுதி’ கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். விடுதியிலேயே வண்டி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: பாங்காக்கிலிருந்து பேருந்தில் எல்லை தாண்டி வருவது ஒரு காலத்தில் மலிவான வழியாக இருந்தது. 2025-இல் இரு நாடுகளுக்கும் எல்லையில் மோதல் மூண்டு தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன. இந்த வழியை நினைத்திருந்தால் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். தலைநகர் ப்னோம் பென்னிலிருந்து சாலை வழி சுமார் 315 கிலோமீட்டர், பேருந்தில் ஆறு மணி நேரம்.

பணம், வண்டி, சாப்பாடு

அமெரிக்க டாலரும் உள்ளூர் ரியெலும் இரண்டும் புழங்குகின்றன. ஒரு டாலர் ஏறத்தாழ 4,000 ரியெல். சில்லறை ரியெலில்தான் வரும். கிழிந்த, கறை படிந்த, பேனாக் கிறுக்கல் உள்ள டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். நம் ஊரில் மாற்றும்போதே நோட்டு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய இருக்கட்டும்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் வண்டி கட்டிய துக்துக்தான் அங்கே வசதி. அருகிலுள்ள கோயில்களுக்கு ஒரு நாள் வாடகை 15 முதல் 25 டாலர் வரை ஆகும், தூரத்துக் கோயில் என்றால் கூடும். எந்தெந்தக் கோயில், எத்தனை மணிக்குக் கிளம்புவது, மதியம் விடுதிக்குத் திரும்புவது உண்டா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுநர்கள் வழக்கமான சுற்றையே சொல்வார்கள். உங்கள் வரிசையைத் தாளில் எழுதிக் காட்டினால் குழப்பம் இல்லை. பெரியவர்கள் உடன் வந்தால் குளிரூட்டிய கார் எடுங்கள், வெயிலும் தூசியும் அவர்களைச் சீக்கிரம் சோர வைத்துவிடும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் சாறும் புளிக்கவைத்த மீன் விழுதும் அவர்கள் சமையலின் அடிப்படை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஊருக்குள் இந்திய உணவகங்கள் உண்டு, அதனால் பட்டினி கிடக்க நேராது.

நுழைவுச்சீட்டு

ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் பயன்படுத்தலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். விலையும் சலுகைகளும் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

சீட்டை அங்கோர் என்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனத்தின் இணையதளத்திலோ ஊருக்கு வெளியே உள்ள அதன் அலுவலகத்திலோ மட்டும் வாங்குங்கள். கோயில் வாசலில் கிடைக்காது. சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், இன்னொருவர் பயன்படுத்த முடியாது. விற்கும் ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது; அங்கே குழந்தைகளுக்கு இலவசச் சிகிச்சை. அலுவலகத்தில் மாலை ஐந்து மணியை ஒட்டி அடுத்த நாளுக்கான சீட்டு வாங்கினால் அன்று மாலையே உள்ளே போக விடுவார்கள், அது நாள் கணக்கில் சேராது.

உடை விஷயத்தில் நம் ஊர்க் கோயில் வழக்கமே போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டாவைத் தோளில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அங்கோர் வாட்டின் மேல்தளத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பருத்திச் சட்டை, நல்ல பிடிமானமுள்ள காலணி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

முதல் நாள்: தொடக்கங்கள்

காலை ஏழரைக்கு ரொலுவோஸ். ஊருக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர். அங்கோருக்கு முன் தலைநகராக இருந்த ஹரிஹராலயம் இதுதான். ப்ரே கோ என்ற கோயிலில் தொடங்குங்கள். முதலாம் இந்திரவர்மன் 879-இல் தன் முன்னோருக்காக எழுப்பிய ஆறு செங்கல் கோபுரங்கள், எதிரே நந்திகள். செங்கல்லின் மேல் பூசிய சுண்ணச்சாந்தில் செய்த வேலைப்பாடு இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவு நிலைகளில் உள்ள கல்வெட்டு எழுத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. மாமல்லபுரத்திலோ காஞ்சியிலோ கிரந்தக் கல்வெட்டை உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுழிகள் பழக்கமானவையாகத் தோன்றும்.

அடுத்து பாகோங். இந்திரவர்மனே 881-இல் கட்டியது. ஐந்து அடுக்காக உயரும் கல் மேடை, சுற்றிலும் அகழி. மேரு மலையைக் கல்லில் கட்ட முடியும் என்று பெரிய அளவில் காட்டியது இந்தக் கோயில். உச்சியில் நிற்கும் கோபுரம் மட்டும் 12-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. மேலே ஏறி நின்று அடுக்கு, அகழி, நான்கு பக்கப் பாதை மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நாளை அங்கோர் வாட்டில் பார்க்கப் போவது இதே அமைப்பு பல மடங்கு பெரிதானதுதான். படிகள் செங்குத்து, மூட்டு வலி உள்ளவர்கள் கீழிருந்தே சுற்றி வரலாம். லோலே கோயிலுக்கு நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் இழப்பில்லை.

அங்கிருந்து பந்தே ஸ்ரேவுக்குப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். வழியில் பனைமரங்களும் பனங்கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகளும் வரும், நிறுத்தி வாங்கிச் சாப்பிடுங்கள்.

பந்தே ஸ்ரே 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசர் அல்லர்; யக்ஞவராகர் என்ற அரண்மனை அறிஞர். கோயில் சிறியது, சுவர்கள் ஆளுயரத்தைவிடச் சற்றே அதிகம். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் செதுக்குவதுபோல ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் இங்கிருந்து தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக் கடத்தப் பார்த்துப் பிடிபட்டார். பிற்காலத்தில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார்.

கயிலையை அசைக்கும் இராவணனைப் பாருங்கள். மலை அடுக்கடுக்காக, உச்சியில் சிவன், அஞ்சி அவர் மேல் சாயும் உமை, கீழே பல தலைகளோடு முட்டிப் பிடிக்கும் இராவணன், சிதறி ஓடும் விலங்குகள். அப்புறம் கிழக்கு வாயில் ஒன்றின் முகப்பில் ஆடும் சிவனைத் தேடுங்கள். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். பேயுருவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டில் இறைவன் ஆடலைப் பார்த்தபடி இருந்த அந்த அம்மை, பத்தாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து இந்தக் காட்டுக் கோயிலில் அதே ஆடலின் கீழ் இடம் பிடித்திருக்கிறார். பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இந்த வாயிலைக் கடந்துவிடுகின்றன. நீங்கள் நின்று பாருங்கள்.

திரும்பும் வழியில் ப்ரே ரூப். இராஜேந்திரவர்மன் 961-இல் எழுப்பிய செங்கல் மலைக்கோயில். மாலை ஏழு வரை திறந்திருப்பதால் சூரியன் மறைவதை இங்கேயே பார்த்துவிடலாம். எல்லோரும் போகும் ப்னோம் பாகெங் குன்றில் ஒரு நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி, அதற்காகப் பிற்பகல் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இரண்டாம் நாள்: அங்கோர் வாட் மட்டும்

ஒரு நாள் முழுவதும் ஒரே கோயிலா என்று கேட்பார்கள். ஆமாம், ஒரே கோயில்தான்.

இரண்டாம் சூரியவர்மன் 1113-இல் அரியணை ஏறி, விஷ்ணுவுக்காகக் கட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1114-இல் பொறித்த சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்த கல்லைத் தில்லைக் கோயிலில் பதித்ததைச் சொல்கிறது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். காலையில் போனால் முகப்பு நிழலில் கறுத்துக் கிடக்கும், பிற்பகலில்தான் அதன் மேல் வெயில் விழும். விடியலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஐந்து மணிக்குப் போங்கள், தவறில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டிச் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே எழும். ஆனால் விடிந்ததும் கூட்டம் கோயிலுக்குள் பாயாமல் காலை உணவுக்குக் கலையும். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு.

முதலில் மேல்தளமான பாகன். ஒரு நேரத்தில் நூறு பேர்தான் ஏறலாம், வரிசை நீளும் முன் ஏறிவிடுங்கள். படிகள் மிகச் செங்குத்து. கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குட்பட்டோருக்கும் அனுமதியில்லை. பௌத்த நோன்பு நாட்களில் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். அவை வளர்பிறை, தேய்பிறை அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை. வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே பயணத் தேதியைத் தீர்மானிக்கலாம். ஒரு நாள் முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதால் முதல் நாளே விடுதியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இறங்கியதும் கிழக்குத் திருச்சுற்றின் தென்பகுதிக்குப் போங்கள், காலை வெளிச்சம் அங்கே நன்றாக விழும். பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளம், ஒரே கதை. ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. கயிறாகிய வாசுகியைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு கையும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. மத்தின் அருகே உள்ள கடல் மீன்களைக் கவனியுங்கள்: ஓரத்தில் முழு மீன்களாக நீந்துபவை, நடுவை நெருங்க நெருங்க நீரின் வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறியிருக்கின்றன. இதைச் செதுக்கியவர் கதையை உணர்ந்து செதுக்கியிருக்கிறார்.

பதினொரு மணிக்கு விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, இரண்டரைக்கு மீண்டும் வாருங்கள். இம்முறை மேற்கு வாயில் வழியாக முறைப்படி நுழையுங்கள். வாயில் மண்டபத்தின் தென்புறத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் விஷ்ணுவுக்கு உள்ளூர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். பிறகு மேற்குத் திருச்சுற்றில் வலப்பக்கம் திரும்பி, கோயில் இடக்கைப் பக்கம் வரும்படி நடங்கள். நம் கோயில் வலத்துக்கு இது எதிர்த்திசை. சிற்பங்களின் கதை இந்தப் போக்கில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த எதிர்வலத்தை வைத்து, அரசனின் நினைவிடமாகவும் இதைக் கட்டியிருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு.

முதலில் குருக்ஷேத்திரம். இடப்பக்கமிருந்து கௌரவர் படை, வலப்பக்கமிருந்து பாண்டவர் படை, நடுவில் மோதல். அம்புப் படுக்கையில் வீடுமரை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். திரும்பினால் தெற்குச் சுற்றில் சூரியவர்மனே ஊர்வலத்தில் வருகிறான். யார் எவ்வளவு பெரியவர் என்பதைத் தலைக்கு மேலுள்ள குடைகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம், அரசனுக்கு 15. அதன் பக்கத்தில் யமனின் தீர்ப்பும், 37 சொர்க்கமும் 32 நரகமும். வடக்குச் சுற்றின் கிழக்குப் பாதியும் அதையொட்டிய கிழக்குப் பகுதியும் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை, உளியின் தரம் இறங்கியிருப்பது தெரியும். அங்கே வேகமாக நடந்துவிடுங்கள். மேற்குச் சுற்றின் வடபாதியில் இலங்கைப் போரோடு சுற்று முடியும். அனுமன் தோளில் நின்று அம்பு விடும் இராமனின் மேல் மாலை வெயில் சாய்ந்து விழும் நேரமாக அது இருக்கும்.

வழிகாட்டி தேவையா? கதைகளுக்குத் தேவையில்லை. வரலாற்றுக்கும் கட்டடக்கலைக்கும் அரசு உரிமம் பெற்ற ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொண்டால் நல்ல பலன் உண்டு. அங்குள்ள குரங்குகளுக்குத் தீனி மட்டும் கொடுக்காதீர்கள், கடிக்கும். சிற்பங்களைத் தொடவும் வேண்டாம். பலர் தடவித் தடவிச் சில இடங்கள் கருத்துப் பளபளத்துக் கிடக்கின்றன.

மூன்றாம் நாள்: ஏழாம் ஜெயவர்மனின் ஊர்

1177-இல், இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சாம்பா நாட்டார் படையெடுத்து அங்கோரைச் சூறையாடினார்கள். அவர்களை விரட்டி 1181-இல் முடி சூடியவர் ஏழாம் ஜெயவர்மன், பௌத்தர். நாட்டின் பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டியவர் என்றே சொல்லலாம்.

ஏழரைக்குத் திறந்ததும் தா ப்ரோம். 1186-இல் தாயின் நினைவாகக் கட்டியது. பெரிய மரங்களின் வேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் கோயில் இதுதான். ஒன்பதுக்கு மேல் படம் எடுக்கவே வரிசை நிற்கும். இங்குள்ள கல்வெட்டு, கோயில் பணிக்கென 3,140 ஊர்களையும் 79,365 பேரையும் ஒதுக்கியதைச் சொல்கிறது. நாட்டில் இருந்த 102 மருத்துவமனைகளையும் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் தேவதானக் கணக்குகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கெழுதும் பழக்கம் புதிதாக இராது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் பணி செய்தது. பிறகு தா ப்ரோமில் மரங்களையும் சுவர்களையும் சேர்த்தே காப்பாற்றும் கடினமான வேலையை எடுத்துக்கொண்டது.

அடுத்து அங்கோர் தோம், அதாவது பெரிய நகரம். பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர் மதில். தெற்கு வாயிலில் வண்டியை நிறுத்தச் சொல்லி நடந்து போங்கள். ஒருபுறம் 54 தேவர், மறுபுறம் 54 அசுரர், நாகத்தைப் பிடித்து நிற்கிறார்கள். நேற்றுச் சுவரில் பார்த்த பாற்கடல் இன்று பாலமாகிவிட்டது.

நடுவில் பாயோன். கோபுரந்தோறும் நான்கு திசைக்கும் முகங்கள். எல்லோரும் நேரே மேலே ஏறி முகங்களைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் முதலில் வெளிச்சுற்றுச் சிற்பங்களைப் பாருங்கள், கெமர் மக்களின் அன்றாட வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. சேவல் சண்டை, சந்தையில் தராசு பிடிக்கும் பெண், அடுப்பூதும் சமையல்காரர், பிரசவ வலியில் கிடக்கும் பெண், சீன வணிகர்கள், படகுப் போரில் தண்ணீரில் விழுந்தவனைக் கவ்வும் முதலை.

அரண்மனை எங்கே என்று தேடுவீர்கள். கல் கட்டடம் தெய்வங்களுக்கு மட்டும். அரசனும் மரத்தாலான மாளிகையில்தான் வாழ்ந்தான். எல்லாம் மக்கிவிட்டது. மிஞ்சியவை யானைகள் செதுக்கிய நீண்ட மேடையும், பிமியானகாஸ் என்ற சிறு மலைக்கோயிலும், குளங்களும். 1296-இல் வந்த சீனத் தூதர் சோ தாகுவான் அந்த அரண்மனையைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்ததால் ஏதோ கொஞ்சம் தெரிகிறது.

அரண்மனைக்குத் தெற்கே பாபுவான், 11-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில். சரிந்துகொண்டிருந்த அதைப் பிரெஞ்சுக்காரர்கள் கல் கல்லாகப் பிரித்து, சுமார் மூன்று லட்சம் கற்களுக்கும் எண்ணிட்டு வைத்தார்கள். 1970-களின் போரில் அந்த ஆவணங்கள் அழிந்துபோயின. எந்தக் கல் எங்கே என்று தெரியாமல் மீண்டும் தொடங்கி, 2011-இல்தான் முடித்தார்கள்.

பிற்பகலில் ப்ரே கான். 1191-இல் தந்தையின் நினைவாக எழுந்தது. நீண்ட நடைக்கூடங்கள், கூட்டம் குறைவு. சுவர் மாடங்களில் புத்தர் உருவங்களை மட்டும் செதுக்கி எடுத்த வெற்றிடங்கள் வரிசையாகத் தெரியும். ஜெயவர்மனுக்குப் பின் சைவம் மேலோங்கிய காலத்தில் நடந்த வேலை என்கிறார்கள். சில இடங்களில் புத்தரைத் தாடி வைத்த முனிவராக மாற்றியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

குலன் மலைக்குப் போகலாம். 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட இடம், கோயில்களுக்கான மணற்கல்லும் இந்த மலைப்பகுதியிலிருந்தே வந்தது. தனிக் கட்டணம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது கபால் ஸ்பியன். ஒன்றரை கிலோமீட்டர் மலையேறினால், ஓடும் ஆற்றின் படுகையிலேயே நூற்றுக்கணக்கான லிங்கங்களும் பள்ளிகொண்ட பெருமாளும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். மழைக்காலத்தின் இறுதியில், தண்ணீர் ஓடும்போது போங்கள். காட்டுப் பகுதிகளில் போடப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடி ஆபத்து இந்த நாட்டின் ஒதுக்குப்புறங்களில் முழுதாக நீங்கவில்லை.

கோயில் வாசல்களில் அஞ்சல் அட்டை விற்கும் சிறுவர்களிடம் எதுவும் வாங்க வேண்டாம் என்று அங்கோரைப் பராமரிக்கும் அப்சரா ஆணையமே கேட்டுக்கொள்கிறது. விற்பனை நடக்கும்வரை அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். உதவ விரும்பினால் பெரியவர்கள் நடத்தும் கடையில் இளநீர் குடியுங்கள், பனைவெல்லம் வாங்குங்கள். கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணம் என்பதை மறக்காமல், விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பாகவே வண்டியை வரச் சொல்லிவிடுங்கள்.